புதுப் பெயரும் பழைய பொறுப்பும்
டொயோட்டா கம்பெனி ‘லெக்ஸஸ்’ கண்ட வரலாறு

ஒரே சங்கம் இருவகைத் தரமுள்ள சரக்கை விற்க முற்படும்போது எழும் கேள்வி ஒன்று உண்டு. நாள்தோறும் உடுக்கும் சாதாரணச் சேலைக்கும், பல நாள் உழைத்து நெய்த உயர்ந்த சேலைக்கும் ஒரே முத்திரையை இடுவதா? அன்றி, உயர்ந்ததற்கென வேறு பெயரும் வேறு முத்திரையும் வகுப்பதா? நெல்லும் மஞ்சளும் வெல்லமும் விற்கும் விவசாயச் சங்கங்களுக்கும் இக்கேள்வி உரியதே. வேறு பெயர் இட்டால் விலை கூடும் என்பார் ஒருவர். வீண் செலவு என்பார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் உண்மை இருப்பதால் முடிவு காண்பது எளிதாக இருப்பதில்லை.

இக்கேள்விக்கு மிகப் பெரிய அளவில் விடை தேடிய ஒரு ஸ்தாபனத்தின் வரலாற்றை இங்கே சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம். அது ஜப்பான் தேசத்து மோட்டார் கம்பெனியாகிய டொயோட்டா. மோட்டார் வண்டிக்கும் நம் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நெசவாள அன்பர்கள் வினவக்கூடும். சம்பந்தம் நாம் எண்ணுவதைவிட நெருங்கியதேயாகும்.

தறியில் பிறந்த கம்பெனி

டொயோட்டா கம்பெனியின் மூலபுருஷர் சகிச்சி டொயோடா என்பவர். 1867-ம் ஆண்டு ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த இவர், தம் ஊர்ப் பெண்கள் கைத்தறியில் படும் சிரமத்தைக் கண்டு, தறியைச் சீர்திருத்துவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டார். 1924-ம் ஆண்டில் அவர் நிறைவேற்றிய தானியங்கித் தறியில் ஊடை தீர்ந்தபோது, ஓட்டம் நிற்காமலே நாடா தானாக மாறிற்று. பாவில் ஓர் இழை அறுந்தாலோ, தறி தானாகவே நின்றுவிட்டது. பழுதுள்ள துணி ஓர் அங்குலங்கூட நெய்யப்படலாகாது என்பதே அதன் கருத்து. 1926-ல் இத்தறியைச் செய்வதற்கென்றே ஒரு தொழிற்சாலை நிறுவப்பட்டது. தறி செய்வதில் பெயர்பெற்ற இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனியே 1929-ல் இதன் உரிமையை விலை கொடுத்துப் பெற்றது என்றால், அதன் சிறப்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தறித் தொழிற்சாலைக்குள்ளேதான் 1933-ல் மோட்டார் பகுதி ஒன்று தொடங்கியது. அதை நடத்தியவர் சகிச்சியின் மகன் கீச்சிரோ. 1937-ல் அப்பகுதி தனிக் கம்பெனியாயிற்று. குடும்பப் பெயர் ‘டொயோடா’வாக இருக்க, வண்டிக்கு முந்திய ஆண்டிலேயே ‘டொயோட்டா’ என்ற பெயர் இடப்பட்டிருந்தது. இழை அறுந்தால் தறி நிற்கவேண்டும் என்ற விதியை மோட்டார்த் தொழிற்சாலையிலும் கைக்கொண்டனர். பழுது கண்ட தொழிலாளி எவராயினும் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம் என்பது அங்கே நிலைத்த வழக்கம்.

நற்பெயரே தடையான விந்தை

1957-ல் டொயோட்டா அமெரிக்காவில் தன் விற்பனை ஸ்தாபனத்தைத் தொடங்கியது. முதலில் கொண்டு சென்ற ‘கிரௌன்’ வண்டி அந்நாட்டு நெடுஞ்சாலைகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. விரைவிலேயே அதன் விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னர் ‘கொரோனா’, ‘கொரோலா’ முதலிய சிறு வண்டிகளைக் கொண்டு சென்று, கால் நூற்றாண்டுக் காலம் உழைத்து ஒரு பெயரை ஈட்டினர். விலை மலிவு, எண்ணெய்ச் செலவு குறைவு, அடிக்கடி பழுதாவதில்லை என்பதே அப்பெயர்.

ஆனால் நற்பெயருக்கும் எல்லை உண்டு. மலிவானது, உறுதியானது என்று மக்கள் மனத்தில் பதிந்த பெயரைச் சூட்டிப் பெருஞ்செல்வர்கள் நாடும் வண்டியை விற்க முடியுமா? அத்தகையோர் அக்காலத்தில் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ், பி.எம்.டபிள்யூ. வண்டிகளையும், தம் நாட்டுக் காடிலாக் வண்டியையுமே நாடினர். வண்டி எவ்வளவு சிறந்ததாயினும், பக்கத்து வீட்டு எழுத்தர் ஓட்டும் வண்டியின் பெயரே தம் வண்டிக்கும் இருப்பதை அவர்கள் விரும்புவதில்லை. இது நியாயமா என்பது வேறு விஷயம். சந்தையின் இயல்பு இதுவே.

எண்ணிக்கை நின்றபோது மதிப்பை உயர்த்தல்

உயர்ந்த வண்டிகளின் பக்கம் ஜப்பானியரைத் திருப்பியதில் இரு காரணங்கள் முக்கியமானவை. அமெரிக்கத் தொழிலாளரும் முதலாளிகளும் ஜப்பானிய வண்டிகளின் பெருக்கத்தை எதிர்த்தமையால், 1981-ம் ஆண்டு முதல் ஜப்பான் தன் ஏற்றுமதிக்குத் தானே ஒரு வரம்பு கட்டிக்கொண்டது. ஆண்டுக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் கார்களுக்கு மேல் அமெரிக்காவுக்கு அனுப்புவதில்லை என்பது முதல் வரம்பு. அது பின்னர்ச் சிறிது சிறிதாகத் தளர்த்தப்பட்டது. இரண்டாவதாக, 1985 செப்டம்பரில் நியூயார்க்கில் ஐந்து நாடுகள் செய்த உடன்பாட்டை ஒட்டி ஜப்பானிய நாணயத்தின் மதிப்பு விரைந்து ஏறிற்று. டாலருக்கு ஏறத்தாழ 240 யென் என்றிருந்தது, 1987 முடிவதற்குள் 130 யென்னுக்கும் கீழே வந்துவிட்டது. ஆகவே, மலிவு வண்டியை ஜப்பானிலிருந்து அனுப்பி மலிவாகவே விற்பது கடினமாயிற்று.

எண்ணிக்கையைப் பெருக்க வழியில்லையானால், ஒவ்வொன்றின் மதிப்பை உயர்த்துவதொன்றே வழி. நம் கைத்தறியாளருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஒரு தறியில் ஒரு நாளில் இத்தனை கெஜந்தான் நெய்யலாம் என்ற வரம்பு இயற்கையாகவே அமைந்துள்ளது. கெஜத்தைப் பெருக்குவதில் விசைத்தறியோடு போட்டியிட இயலாது; கெஜத்தின் மதிப்பை உயர்த்துவதே கைத்தறிக்குக் கதி. ஜப்பானிய மோட்டார்க் கம்பெனிகளும் ஏறக்குறைய இதே நிலைக்கு வந்தன எனலாம்.

இவ்வழியில் முதலில் அடியெடுத்து வைத்தது ஹோண்டா கம்பெனி. 1986 மார்ச்சு மாதத்தில் ‘அக்யூரா’ என்ற தனிப் பெயருடன் தனிக் கடைகளை அமெரிக்காவில் திறந்தது. அடுத்த ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அக்யூரா வண்டிகள் விற்றன. தனிப் பெயரை மக்கள் ஏற்பர் என்பது இதனால் தெளிவாயிற்று.

வண்டி முன்னே, பெயர் பின்னே

டொயோட்டாவின் முயற்சி இதற்கு முன்பே இரகசியமாகத் தொடங்கிவிட்டது. 1983 ஆகஸ்டில் கம்பெனித் தலைவர் ஐஜி டொயோடா தம் முக்கிய அதிகாரிகளைக் கூட்டி, உலகின் தலைசிறந்த வண்டிகளுக்கு நிகராக ஒரு வண்டியைச் செய்ய நம்மால் இயலுமா என்று வினவினார். அப்பொழுது அதற்குத் தனிப் பெயரும் இல்லை; தனிக் கடையும் இல்லை. வண்டியைப் பற்றிய வினாவே முதலில் எழுந்தது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

1985-ல் ஒரு குழுவினர் கலிபோர்னியாவிலுள்ள லகூனா பீச் என்னும் ஊரில் தங்கி, செல்வந்தர்கள் எவ்வாறு வாழ்கின்றனர், எதைப் பெரிதென மதிக்கின்றனர் என்று நேரில் கண்டறிந்தனர். தலைமை எஞ்சினீயர் இச்சிரோ சுசுகி ஒன்றுக்கொன்று முரணான குறிக்கோள்களை வகுத்தார். வேகம் மிக வேண்டும், ஆனால் எண்ணெய்ச் செலவு கூடலாகாது, வண்டி உறுதியாக இருக்கவேண்டும், ஆனால் எடை ஏறலாகாது, ஓசையே கேட்கலாகாது. ஓசையை அடக்கக் கனத்த விரிப்புகளைத் திணிப்பது பழைய வழி. அவ்வாறன்றி, ஓசை பிறக்கும் இடத்திலேயே பாகங்களைத் துல்லியமாகச் செய்து அதை ஒழிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இவ்வேலையில் ஏறத்தாழ 1,400 எஞ்சினீயர்களும் 2,300 தொழில் வல்லுநர்களும் ஈடுபட்டனர். சோதனைக்காக மட்டும் ஏறக்குறைய 450 வண்டிகள் செய்யப்பட்டன. செலவு 100 கோடி டாலருக்கும் மேல் என்பர். வண்டியைச் செய்யத் தஹாரா என்னும் ஊரிலுள்ள தொழிற்சாலையில் தனி அமைப்பு ஏற்படுத்தப்பட்டது.

பெயரைத் தேடியது இவ்வேலைகள் நடந்துகொண்டிருந்தபோதுதான். 219 பெயர்கள் அடங்கிய பட்டியல் ஒன்றிலிருந்து ‘அலெக்ஸிஸ்’ என்ற பெயர் முன்னணிக்கு வந்து, சிதைந்து ‘லெக்ஸஸ்’ ஆயிற்று. அதிலும் ஒரு வழக்கு நேர்ந்தது. வழக்கறிஞர்களுக்குக் கம்ப்யூட்டர் மூலம் சட்டத் தகவல் வழங்கும் ‘லெக்ஸிஸ்’ என்ற சேவையை நடத்திய கம்பெனி, இப்பெயர் தன் பெயரை மங்கச் செய்யும் என்று நீதிமன்றம் சென்றது. 1988 இறுதியில் கீழ்க் கோர்ட்டு தடை விதித்தது. 1989 மார்ச்சில் மேல் கோர்ட்டு அத்தடையை நீக்கியது. பெயர் சூட்டுமுன் அப்பெயர் வேறெவருக்கேனும் உரியதா என்று ஆராய்ந்தறிதல் இன்றியமையாதது என்பதற்கு இது சான்று.

‘எல்.எஸ். 400’ என்னும் அவ்வண்டி 1989 ஜனவரியில் டெட்ராயிட் கண்காட்சியில் வைக்கப்பட்டு, செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 35,000 டாலர். இணையான ஜெர்மானிய வண்டிகளின் விலை அதனினும் மிக உயர்ந்திருந்தது. ஓடும் எஞ்சினின் மூடிமீது கண்ணாடிக் கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கி, ஒன்றும் சரியாமல் நிற்பதை விளம்பரப் படத்தில் காட்டினர். டொயோட்டா கடையின் ஒரு மூலையில் வைத்து இவ்வண்டியை விற்கவில்லை. தனிக் கடைகள் வேண்டும் என்று விதித்து, விண்ணப்பித்தோரில் ஒரு சிறு பகுதியினருக்கே உரிமை அளித்தனர்.

ஜப்பானிலோ இதே வண்டியை ‘செல்சியர்’ என்ற பெயரில் டொயோட்டா வண்டியாகவே விற்றனர். சொந்த நாட்டில் டொயோட்டாவின் பெயர் எல்லா விலைக்கும் தாங்கிற்று. ஆதலால் 2005-ம் ஆண்டு வரை லெக்ஸஸ் என்ற பெயர் அங்கே வரவில்லை. பழைய பெயர் எங்கே தடையாகிறதோ அங்கேதான் புதுப் பெயருக்கு வேலை உண்டு என்பது இதனால் பெறப்படும்.

முதற் சோதனை

விற்பனை தொடங்கி மூன்று மாதமே ஆகியிருந்தது. வாடிக்கைக்காரர் ஓரிருவரிடமிருந்து குறைகள் வந்தன. மேலே பொருத்திய பிரேக் விளக்கு ஒன்று சூடேறிப் பழுதாயிற்று. வேகத்தை ஒரே நிலையில் நிறுத்தும் கருவியும் ஒருமுறை சரிவர விடுபடவில்லை. விற்றிருந்த வண்டிகள் சுமார் 8,000. ஓரிரு குறைகளுக்காக அத்தனை வண்டிகளையும் திரும்ப அழைத்தால், புதுப் பெயர் முளையிலேயே கருகிவிடுமோ என்ற அச்சம் எவருக்கும் எழும்.

1989 டிசம்பரில் கம்பெனி எல்லா வண்டிகளையும் திரும்ப அழைக்க முடிவு செய்தது. உரிமையாளர் தேடி வரவேண்டுவதில்லை. கடைக்காரரே வீட்டுக்குச் சென்று வண்டியை எடுத்து வந்து, பழுது நீக்கித் திரும்பக் கொண்டு சேர்த்தனர். கடையே இல்லாத தொலைவூர்களுக்குத் தொழில் வல்லுநர்களை விமானத்தில் அனுப்பி, அங்கே வாடகைக்குக் கொட்டகை பிடித்து வேலையை முடித்தனர். 20 நாட்களில் காரியம் நிறைவேறியது. கட்டணம் ஏதுமில்லை. குறை கண்டால் தறி நிற்கவேண்டும் என்ற பழைய விதியே இங்கும் நின்று காத்தது என்று கூறினால் மிகையாகாது. 1990-ல் 63,000-க்கு மேற்பட்ட லெக்ஸஸ் வண்டிகள் அமெரிக்காவில் விற்பனையாயின.

லெக்ஸஸ் கடையிலும் ஒரு வண்டி சரிவர விலைபோகவில்லை என்பதையும் மறைக்கலாகாது. ‘இ.எஸ். 250’ என்னும் அவ்வண்டி, டொயோட்டாவின் ‘காம்ரி’ வண்டியையே அடிப்படையாகக் கொண்டு விரைவில் தயாரித்தது. வாங்குவோர் அதைக் கண்டுகொண்டனர். 1991-ல் அதற்குப் பதிலாகத் திருத்தமான வேறொரு வண்டியைக் கொண்டுவர நேர்ந்தது.

பெயரும் கடையும் இருந்தும் தோற்றவர்

இதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி ஒரு புதுப் பெயரைச் சூட்டிப் பார்த்தது. தன் சாதாரண வண்டிக்கும் மிக உயர்ந்த வண்டிக்கும் இடைப்பட்ட தரத்துக்கென ‘எட்செல்’ என்ற பெயரை 1957 செப்டம்பர் 4-ல் வெளியிட்டது. நிறுவனர் ஹென்றி ஃபோர்டின் மறைந்த மகனுடைய பெயர் அது. விளம்பரத்துக்குக் குறைவில்லை. தனிக் கடைகளும் இருந்தன. ஆனால் தனித் தொழிற்சாலை இல்லை. ஃபோர்டு, மெர்குரி வண்டிகள் செய்யும் அதே இடத்தில், அதே தொழிலாளர் இடையிடையே எட்செல் வண்டியையும் பூட்டவேண்டியிருந்தது. பாகங்கள் விட்டுப்போன வண்டிகள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. விலையோ அதே கம்பெனியின் மெர்குரி வண்டி விலையோடு மோதிற்று. வியாபார மந்தமும் சேர்ந்துகொண்டது. 1959 நவம்பரில் எட்செல் நிறுத்தப்பட்டது. மூன்று ஆண்டு மாதிரிகளும் சேர்ந்து விற்றவை 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் குறைவு. நஷ்டம் 25 கோடி டாலர் என மதிப்பிடுவர்.

இதற்கு நேர்மாறானது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் அனுபவம். அப்பெயருக்கே ‘மக்கள் வண்டி’ என்று பொருள். 2002-ல் அக்கம்பெனி டிரெஸ்டன் நகரில் கண்ணாடிச் சுவர்களாலான தொழிற்சாலையில் ‘பைட்டன்’ என்ற மிக உயர்ந்த வண்டியைச் செய்தது. வேலைப்பாட்டில் குறை கூறுவாரில்லை. ஆனால் மக்கள் வண்டியின் சின்னத்தையே அதற்கும் பொறித்து, மற்ற வண்டிகளோடு அதே கடையில் விற்றனர். அமெரிக்காவில் 2006-ல் அதன் விற்பனை நின்றது. 2016-ல் உற்பத்தியும் நின்றது. எட்செலுக்குப் பெயர் இருந்தது, சரக்கு இல்லை. பைட்டனுக்குச் சரக்கு இருந்தது, பெயர் இல்லை.

லெக்ஸஸ் வந்த அதே ஆண்டில் நிஸ்ஸான் கம்பெனி ‘இன்ஃபினிட்டி’யைத் தொடங்கியது. வண்டியையே காட்டாமல் பாறையும் மரமும் நீரும் காட்டி விளம்பரம் செய்தது. விளம்பரத்தைப் பற்றிப் பேசியவர் பலர். விற்பனையில் அது லெக்ஸஸுக்குப் பின்தங்கியே நின்றது. மாஸ்டா கம்பெனி 1991-ல் ‘அமாட்டி’ என்ற பெயரை அறிவித்து, முதலீட்டின் சுமையைக் கண்டு 1992-ல் ஒரு வண்டியும் விற்காமலே கைவிட்டது. கைப்பொருளின் அளவை முன்னரே எண்ணிப் பார்த்தல் நன்று. எனினும், பிந்தியேனும் நிறுத்தியது அறிவுடைமையே.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றில் நமக்குப் படிப்பினை உண்டு. 2006-ம் ஆண்டில் ஏற்பட்ட கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்ததே என்பதற்கு உறுதி. 2015 ஆகஸ்டு 7-ல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘இந்தியா ஹேண்ட்லூம் பிராண்டு’ என்பதோ உயர்ந்த தரத்துக்கு உறுதி. முத்திரைகள் இரண்டு, வாக்குறுதிகளும் இரண்டு. இரண்டாவதை விரும்பும் சங்கம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது, சரக்கு உண்மையிலேயே வேறானதா? அதே நூல், அதே சாயம், அதே பாவில் நெய்த துணிக்குப் புதுப் பெயரும் கூடுதல் விலையும் இட்டால், வாங்குபவர் ஒருமுறை ஏமாறலாம், மறுமுறை வரமாட்டார். இரண்டாவது, அதற்கென வேறு கவனம் உண்டா? உயர்ந்த துணியைச் சோதிப்பவர் யார், மடித்து வைக்கும் இடம் எது, விற்பவருக்கு அதன் நெசவைப் பற்றி எடுத்துச் சொல்லத் தெரியுமா என்பவற்றை முன்னரே வகுக்க வேண்டும். மூன்றாவது, குறை நேர்ந்தால் என்ன செய்வோம்? சாயம் போன சேலை ஒன்று திரும்பி வந்தால், அதே சாயக் கலவையில் நனைத்த மற்றச் சேலைகளையும் தேடித் திரும்பப் பெற நாம் துணிவோமா? முளைக்காத விதை நெல்லுக்கு மூட்டைக் கணக்கில் ஈடு செய்வோமா? இம்மூன்றாவது கேள்விக்குத் துணிந்து விடை கூற இயலாத சங்கம், புதுப் பெயருக்கு இன்னும் சிறிது காலம் காத்திருப்பதே நலம்.

பழைய சரக்கைத் தாழ்த்திப் பேசி உயர்ந்ததை விற்கவும் கூடாது. லெக்ஸஸ் வந்த பின்னரும் கொரோலா வண்டி தன் நிலையிலிருந்து தாழவில்லை. அதன் வருமானமே புதிய முயற்சியைத் தாங்கிற்று. நாள்தோறும் உடுக்கும் வேட்டியும் துண்டுமே சங்கத்தின் அடுப்பை எரியவைப்பன என்பதை மறக்கலாகாது.

இறுதியாக ஒன்று. 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் லெக்ஸஸ் வண்டி ஒன்று விபத்துக்குள்ளாகி நால்வர் இறந்தனர். தரைவிரிப்பில் ஆக்ஸிலரேட்டர் மிதி சிக்கிக்கொண்டதே காரணம் எனக் கண்டனர். அதன்பின் டொயோட்டா பல லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பாதுகாப்புக் குறைகளைப் பற்றி வாடிக்கைக்காரருக்கு உண்மையை முழுதும் கூறவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, 2014-ல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் செலுத்தவும் இசைந்தது. அத்தொகை, முதல் லெக்ஸஸ் வண்டியை உருவாக்கச் செலவிட்டதாகக் கூறப்படும் தொகைக்கு ஏறக்குறைய நிகரானது. 1989-ல் ஓரிரு குறைகளுக்காக 8,000 வீடுகளைத் தேடிச் சென்றதும் அதே கம்பெனிதான். பின்னாளில் மறைக்க முற்பட்டதும் அதே கம்பெனிதான்.

பெயரை ஒருமுறை சூட்டலாம். அதன் பொறுப்பையோ ஒவ்வொரு நாளும் சுமக்கவேண்டும். அறுந்த இழையைக் கண்டதும் தறியை நிறுத்தும் நெசவாளர், இதை எந்தக் கம்பெனியிடமிருந்தும் கற்கவேண்டுவதில்லை. தறியில் காக்கும் அவ்விதியை விற்பனையிலும் காப்போமாயின், நம் சங்கம் எப்பெயரைச் சூட்டினும் அது நிலைக்கும் என்பது நமது உறுதியான நம்பிக்கை.